பையனுக்கு ஏன் எட்டாம் சீடு? அமெரிக்க ஹைஸ்கூல் குஸ்தி சீடிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் போதும், நியூஜெர்சியில் நாங்கள் வைத்திருக்கும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி நாலு விதமாக வரும். "அவனைப் போன வாரம்தானே இவன் ஜெயிச்சான், அப்புறம் ஏன் அவன் மேலே?" கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு குஸ்தி டோர்னமென்ட்டின் பிராக்கெட், அதாவது யார் யாரோடு மோதி எப்படி மேலே போவது என்று காட்டும் கட்டம், முதலில் புரியாது. எனக்கும் புரியவில்லை. பையன் ஒன்பதாம் வகுப்பில் குஸ்தி அணியில் சேர்ந்தான். நாலு சீசன் பலகை பெஞ்சில் உட்கார்ந்து முதுகு வலித்தது. ஸ்கோர் மேஜையில் வேலை பார்த்தேன். இரண்டு முறை சீடிங் கூட்டத்தில் காபி ஊற்றும் சாக்கில் ஓரமாக நின்று கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதைக் கேள்வி பதிலாக எழுதி வைக்கிறேன்.

சீடு என்றால் என்ன? இருக்கையா?

இருக்கை இல்லை, விதை. டென்னிஸிலிருந்து வந்த சொல். பலசாலிகளை எல்லாம் ஒரே மூலையில் கொட்டாமல், நாற்று நடுவதுபோல் இடைவெளி விட்டுப் பரப்பி வைப்பதுதான் சீடிங். முதல் சீடு பிராக்கெட்டின் ஒரு பாதியில், இரண்டாம் சீடு மறு பாதியில். இருவரும் இறுதிச் சுற்று வரை சந்திக்க மாட்டார்கள்.

இதைத் தரவரிசை என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது. "உன் பையன் எட்டாவது ஆள்" என்று யாரும் சொல்லவில்லை. கையில் இருக்கும் காகிதத்தை வைத்து, இவனை இந்தக் கட்டத்தில் வைத்தால் நல்ல ஜோடிகள் சீக்கிரம் மோதி வீணாகாது என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். காகிதத்தில் இல்லாதது சீடிங்கில் இல்லை. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில்தான் வந்து நிற்கும்.

யார் போடுகிறார்கள்?

ஹைஸ்கூல் குஸ்திக்கு விதிப்புத்தகம் எழுதுவது மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, அதாவது என்.எஃப்.எச்.எஸ். ஆனால் ஒவ்வொரு டோர்னமென்ட்டிலும் சீடிங் எப்படி என்பது மாநிலச் சங்கத்தின் கையிலும், போட்டியை நடத்துபவரின் கையிலும்தான் இருக்கிறது. சனிக்கிழமை நடக்கும் சாதாரண அழைப்புப் போட்டி என்றால் முந்தின நாளோ அன்று காலையோ கோச்சுகள் கூடிப் போடுவார்கள், அல்லது நடத்துபவரே போட்டு அனுப்பிவிடுவார். மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று மேலே போகப் போக எழுத்தில் விதி இருக்கும், குழு இருக்கும். அதனால் யாராவது "சீடிங் விதி இதுதான்" என்று அடித்துச் சொன்னால், எந்த மாநிலம், எந்தப் போட்டி என்று திருப்பிக் கேளுங்கள்.

எதையெல்லாம் பார்க்கிறார்கள்?

வரிசை இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் காதில் விழுவது இவைதான்.

முதலில் நேருக்கு நேர். இந்த சீசனில் இருவரும் மோதியிருந்தால் ஜெயித்தவன் மேலே. இரண்டு முறை மோதி ஆளுக்கு ஒன்று என்றால், சில இடங்களில் கடைசியாக நடந்ததை எடுப்பார்கள், சில இடங்களில் இரண்டும் கழிந்துவிடும்.

அடுத்து பொது எதிராளி. உங்கள் பையனும் அடுத்தவனும் ஒருவருக்கொருவர் மோதவில்லை, ஆனால் இருவருமே மூன்றாவது ஒருவனோடு மோதியிருக்கிறார்கள். உங்கள் பையன் அவனை ஜெயித்தான், அடுத்தவன் தோற்றான் என்றால் உங்கள் பையனுக்கு மேல் சீடு. இங்கே ஒரு தவறான எண்ணம் ரொம்பப் பரவலாக இருக்கிறது. "என் பையன் 11-2ன்னு ஜெயிச்சான், அவன் 3-2ன்னு தட்டுத்தடுமாறி ஜெயிச்சான், அப்போ என் பையன்தானே பெரியவன்?" பெரும்பாலான கூட்டங்களில் இது எடுபடாது. வெற்றி வெற்றிதான். எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதை எண்ணமாட்டார்கள்.

மூன்றாவது, போன வருடம் இதே போட்டியிலோ மாநிலப் போட்டியிலோ வாங்கிய இடம். நான்காவது, வெற்றி விகிதம். அதுவும் சமமாக இருந்தால் நாணயமோ சீட்டோ.

ஜே.வி. ஆட்டங்கள், அதாவது இரண்டாம் அணிக்காக விளையாடியவை, பொதுவாகக் கணக்கில் வராது. எதிராளி வராமலே கிடைத்த வெற்றியைச் சில இடங்களில் மொத்தக் கணக்கில் சேர்ப்பார்கள், ஆனால் நேருக்கு நேர் என்று சொல்லிக்கொள்ள விடமாட்டார்கள். நியாயம்தானே, பாயில் கால் வைக்காத ஆளை எப்படி ஜெயித்ததாகச் சொல்வது?

என் பையன் 20-3. இன்னொருவன் 12-1. இருபது பெரிதா, பன்னிரண்டு பெரிதா?

விகிதம் மட்டும் பார்த்தால் 20-3, அதாவது 20 வெற்றி 3 தோல்வி, என்பது 87 சதவீதம், 12-1 என்பது 92. அவன்தான் மேலே. ஆனால் விகிதம் வருவது கடைசிப் படியில். அதற்கு முன் நேருக்கு நேரோ பொது எதிராளியோ இருந்தால் விகிதத்தை யாரும் பார்க்கவே போவதில்லை.

விகிதத்தின் பெரிய குறை, யாரோடு மோதினான் என்பதை அது கேட்பதில்லை என்பது. பலமான பள்ளிகளோடு மட்டும் மோதி 15-12 வைத்திருப்பவன், பக்கத்து ஊர்ப் புது அணிகளைத் தட்டி 28-2 வைத்திருப்பவனை ஆறு நிமிடத்தில் கட்டிப் போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். (ஒரு ஆட்டம் மூன்று பகுதி, பகுதிக்கு 2 நிமிடம்.) அனுபவமுள்ள கோச்சுகள் இதற்காகவே டிசம்பரில் பெரிய டோர்னமென்ட்டுகளுக்குப் பையன்களைக் கூட்டிப்போய்த் தோற்க விடுகிறார்கள். தோல்வி எண்ணிக்கை கூடினாலும் பொது எதிராளிகள் நிறையக் கிடைப்பார்கள். பிப்ரவரியில் அது கை கொடுக்கும்.

அ, ஆ, இ என்று மூன்று பையன்கள். அ, ஆவை ஜெயித்தான். ஆ, இயை ஜெயித்தான். இ, அ-வை ஜெயித்துவிட்டான். இப்போது?

ஒவ்வொரு வருடமும் ஒரு எடைப் பிரிவிலாவது இது வரும். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

138 பவுண்டு. அ 18-4, ஆ 22-4, இ 15-3. அ, ஆவை 6-4 என்று ஜெயித்தான். ஆ, இயை முதுகு பாயில் படிய அமுக்கி பின் செய்தான். இ, அ-வை 3-2 என்று ஜெயித்தான். நேருக்கு நேர் வட்டமாகிவிட்டது, மூன்றும் கழிந்துபோகும்.

அடுத்த படிக்குப் போகிறார்கள். மூவருமே ஈ என்ற பையனோடு மோதியிருக்கிறார்கள். அவும் ஆவும் ஜெயித்தார்கள், இ தோற்றான். ஆகவே மூவரில் இ கீழே இறங்குகிறான்.

மீதி இருப்பது அ, ஆ. இங்கேதான் கூட்டத்தில் சத்தம் வரும். விட்ட இடத்திலிருந்து கீழ்ப் படிக்குப் போவதா, முதல் படிக்குத் திரும்புவதா? கீழே போனால், போன வருடம் இருவருமே இடம் வாங்கவில்லை என்று வைத்துக்கொண்டால், வெற்றி விகிதம்: அ 81.8, ஆ 84.6. முதல் சீடு ஆவுக்கு. முதல் படிக்குத் திரும்பினால், இப்போது வட்டம் இல்லை, இரண்டே பேர், அ 6-4 என்று ஜெயித்திருக்கிறான். முதல் சீடு அவுக்கு. பெரும்பாலான இடங்களில் திரும்புவதுதான் வழக்கம், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஒருவன் விலகியதும் மீதி இரண்டு பேருக்கு நேரடி சாட்சி இருக்கும்போது சதவீதம் எதற்கு? ஆனால் விதித்தாளில் அந்த ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இயின் அம்மா அன்று மாலை கேட்பார்: "முதல் சீடை ஜெயிச்ச பையனுக்கு மூணாவது சீடா?" ஆமாம். அதுமட்டுமில்லை, மூன்றாம் சீடு அரையிறுதியில் சந்திக்கப்போவது இரண்டாம் சீடை, அதாவது தன்னைப் பின் செய்த அதே ஆவை. வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் விதி மீறப்படவில்லை.

சீடிங் கூட்டத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

பள்ளியின் கேன்டீன். நீள மேஜைகள், டோனட் பெட்டி, தெர்மாஸ் காபி. ஒவ்வொரு கோச்சும் கையில் ஒரு ஃபைல், சிலர் லேப்டாப். நடத்துபவர் மிகக் குறைந்த எடையிலிருந்து தொடங்குவார். "106. முதல் சீடுக்கு யார் பெயர்?" ஒருவர் கை தூக்கித் தன் பையனின் கணக்கைச் சொல்வார். "எதிர்ப்பு?" இன்னொருவர் எழுந்து, "ஜனவரி 2-வது வாரம் எங்கள் பையன் இவனை 7-5 ஜெயித்திருக்கிறான்" என்பார். முதல் கோச் பக்கத்தைப் புரட்டுவார். ஆமாம் என்று தலையாட்டினால் அடுத்தது. இல்லை என்றால் போனில் தேடுவார்கள். விதியால் தீராவிட்டால் கைதூக்கி ஓட்டு. சம்பந்தப்பட்ட இரண்டு கோச்சும் ஓட்டுப் போடக் கூடாது என்ற வழக்கம் சில இடங்களில் உண்டு.

முதல் நாலு எடைக்கு ஒரு மணி நேரம் ஆகும். கடைசி நாலு எடை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், எல்லோருக்கும் பசி வந்துவிடும். 215, 285 பவுண்டுப் பையன்களின் பெற்றோர் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

நான் பார்த்தவரை, குரல் பெரிதாக உள்ள கோச் ஜெயிப்பதில்லை. தேதியும் ஸ்கோரும் எழுதி வைத்திருப்பவர்தான் ஜெயிக்கிறார். எங்கள் பையனுக்கே ஒரு தடவை அடி விழுந்தது. ஒரு ஜனவரிச் சனிக்கிழமை அவன் ஜெயித்த ஆட்டத்தை, அங்கே ஸ்கோர் ஏற்றிய ஒரு தன்னார்வலர் தவறுதலாகத் தோற்றதாக ஏற்றிவிட்டார். வீட்டில் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து சீடிங் கூட்டத்தில் எதிர்க் கோச் அதே வரியைக் காட்டினார். எங்கள் கோச்சிடம் காகிதம் இல்லை. மூன்றாம் சீடு கிடைக்க வேண்டியவன் ஆறாம் சீடானான். பெஞ்சிலிருந்து நான் எடுத்த வீடியோ என் போனிலேயே இருந்தது, யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அந்த நேரத்தில் நான் ஆபீஸில் இருந்தேன்.

சீடிங் கூட்டத்தில் பெற்றோர் பேசலாமா?

கூடாது. காபி ஊற்றலாம்.

எந்த சீடு நல்லது? எட்டுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் உண்டா?

16 பேர் பிராக்கெட்டில் முதல் சுற்றில் மோதும் இருவரின் சீடைக் கூட்டினால் 17 வரும்: 1-16, 8-9, 5-12, 4-13, 3-14, 6-11, 7-10, 2-15. சீடுகள் அப்படியே ஜெயித்துப் போனால் காலிறுதியில் கூட்டுத்தொகை 9: 1-8, 4-5, 3-6, 2-7. அரையிறுதியில் 5: 1-4, 2-3. இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் பிராக்கெட்டைப் பார்க்காமலே பாதையைச் சொல்லிவிடலாம்.

இதிலிருந்து தெரிவது: எட்டும் ஒன்பதும் நடைமுறையில் ஒன்றுதான். இருவரும் முதல் சுற்றில் ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள், ஜெயித்தவன் நேராக முதல் சீடிடம் போவான். நாலும் ஐந்தும் அப்படியே. கோச்சுகள் 4-5க்கு அரை மணி நேரம் சண்டை போடும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் 3க்கும் 4க்கும் நிஜ வித்தியாசம் உண்டு. மூன்றாம் சீடு முதல் சீடை இறுதியில்தான் பார்ப்பான், நாலாம் சீடு அரையிறுதியிலேயே பார்த்தாக வேண்டும். அந்த எடையில் முதல் சீடு யாராலும் அசைக்க முடியாத ஆள் என்றால், வெள்ளிப் பதக்கத்தின் விலை இந்த ஒரு படிதான்.

அதேபோல் சில வருடம் ஒன்பதைவிடப் பத்து நல்லது. ஒன்பதாம் சீடு ஜெயித்தால் காலிறுதியில் முதல் சீடு, பத்தாம் சீடு ஜெயித்தால் இரண்டாம் சீடு. இரண்டாம் சீடின் ஆட்டம் உங்கள் பையனுக்குச் சாதகம் என்றால் பத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் வாருங்கள்.

பை கிடைத்திருக்கிறது. நல்லதா?

எதிராளி இல்லாமல் அடுத்த சுற்றுக்குப் போவதுதான் பை. 16 கட்டத்தில் 11 பேர் வந்தால் 5 பை, அவை மேல் ஐந்து சீடுகளுக்கு. உடம்புக்கு ஓய்வு. அணிப் புள்ளியில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. மேல் பிராக்கெட்டில் ஒரு சுற்று தாண்டினால் அணிக்கு 2 புள்ளி, ஒருமுறை தோற்றவர்கள் மோதும் கீழ் பிராக்கெட்டில் 1. பையில் வந்தவனுக்கு அந்தப் புள்ளி அடுத்த ஆட்டத்தை ஜெயித்தால்தான் சேரும். பின் செய்தால் கிடைக்கும் கூடுதல் 2, 15 புள்ளி முன்னிலையில் ஆட்டம் நிறுத்தப்பட்டால் கிடைக்கும் 1.5, 8 முதல் 14 வரை வித்தியாசத்துக்குக் கிடைக்கும் 1, இவை எதுவும் பையில் வராது. அணிக் கோப்பைக்காக ஓடும் கோச் சில நேரம் பையைப் பார்த்து முகம் சுளிப்பது இதனால்தான்.

வந்த எல்லோருக்கும் சீடு உண்டா?

பல இடங்களில் இல்லை. 16 பேரில் முதல் 4, 6 அல்லது 8 பேருக்கு மட்டும் சீடு, மீதிப் பேரைக் குலுக்கிப் போடுவார்கள். ஒரே பள்ளியிலிருந்து ஒரே எடையில் இரண்டு பேர் வர அனுமதிக்கும் போட்டிகளில் அந்த இருவரையும் வெவ்வேறு பாதியில் வைப்பார்கள். சீடு இல்லாத நல்ல பையன் முதல் சுற்றிலேயே இரண்டாம் சீடின் எதிரே வந்து விழுவதும் உண்டு. அன்று அதிகம் வியர்ப்பது அந்த இரண்டாம் சீடுக்குத்தான்.

மாநிலப் போட்டியிலும் கோச்சுகள் கூடிப் பேசித்தான் போடுவார்களா?

இல்லை, அங்கே இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன.

ஒன்று, முன்கூட்டியே எழுதி வைத்த பிராக்கெட். ஓஹையோவில் பல ஆண்டுகளாக நடந்த ஏற்பாடு இது: ஒவ்வொரு டிவிஷனிலும் (பள்ளியின் அளவை வைத்த பிரிவு) நாலு மாவட்டம், மாவட்டத்துக்கு நாலு பேர், மொத்தம் 16 பேர் கொலம்பஸுக்கு வருவார்கள். ஒரு மாவட்டத்தில் முதலிடம் பெற்றவன் வேறு மாவட்டத்தின் நாலாவதோடும், இரண்டாவது வேறொன்றின் மூன்றாவதோடும் மோதுவான். யாரும் யாரையும் எடை போட வேண்டியதில்லை, பாயில் வாங்கிய இடம்தான் பேசும். ஓட்டு இல்லை, சண்டை இல்லை. ஆனால் நாலு மாவட்டமும் சம பலம் என்று அது நம்பிக்கொள்கிறது. மாநிலத்தின் முதல் மூன்று பேரும் ஒரே மாவட்டத்தில் பிறந்துவிட்டால் மூன்றாமவன் மாவட்டத்தில் மூன்றாவது, ஆகவே மாநிலத்தில் மோசமான பாதை. வேறொரு மாவட்டத்தின் சுமாரான சாம்பியனுக்கு ராஜபாட்டை.

இன்னொன்று, தகுதி பெற்ற பிறகு மறுபடி சீடு போடுவது. எங்கள் நியூஜெர்சியில் பள்ளி சிறிது பெரிது என்ற பிரிவே தனிநபர் போட்டியில் கிடையாது. எட்டு மண்டலங்களில் மண்டலத்துக்கு நாலு பேராக எடைக்கு 32 பேர் அட்லாண்டிக் சிட்டியின் போர்டுவாக் ஹாலுக்குப் போவார்கள். அங்கே சீடிங் இல்லாவிட்டால் இரண்டு சாம்பியன்கள் இரண்டாம் சுற்றிலேயே முட்டிக்கொள்ளக்கூடும். கலிஃபோர்னியாவும் அப்படித்தான், அத்தனை பெரிய மாநிலத்துக்கும் ஒரே பிராக்கெட், பேக்கர்ஸ்ஃபீல்டில்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. மனிதர்கள் தப்புச் செய்வார்கள்தான். ஆனால் வரைபடக் கோடு செய்யும் தப்பைவிட அது திருத்தக்கூடியது.

பொது எதிராளியே இல்லாத பெரிய போட்டிகளில்?

ஓஹையோவின் குயஹோகா ஃபால்ஸில் 1994 முதல் நடக்கும் வால்ஷ் ஜெசூட் அயர்ன்மேன், டெலவேர் மாநிலத்தின் நியூஆர்க்கில் நடக்கும் பீஸ்ட் ஆஃப் தி ஈஸ்ட் இரண்டும் டிசம்பரில் வருகின்றன. சீசன் தொடங்கிச் சில வாரம்தான் ஆகியிருக்கும். பென்சில்வேனியாப் பையனும் வேறொரு மூலையிலிருந்து வந்தவனும் ஒரே பிராக்கெட்டில். இந்த சீசன் கணக்கில் எதுவுமே இருக்காது. அதனால் போன வருட மாநில இடம், இதே போட்டியில் போன வருட இடம், கோடைக்காலத் தேசியப் போட்டிகள் என்று பழைய கணக்கைப் பார்ப்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் புலிக்குட்டிகள் இங்கே சீடு இல்லாமல் வந்து பெரிய அண்ணன்களை மல்லாக்கப் போடுவது வருடாவருடம் நடக்கும் வேடிக்கை.

எடை மாறினால் பழைய கணக்கு செல்லுமா?

மொத்த வெற்றி தோல்வி கூடவே வரும். நேருக்கு நேர் வெற்றி வேறு எடையில் நடந்திருந்தால், ஒரு எடை தள்ளி என்றால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள், அதற்கு மேல் என்றால் வாதம் வரும்.

நினைத்தபடி எடை இறக்கவும் முடியாது. சீசன் தொடக்கத்தில் உடல் கொழுப்பை அளந்து, பையன்களுக்கு 7 சதவீதம், பெண்களுக்கு 12 சதவீதம் என்ற கணக்கில் குறைந்தபட்ச எடையை நிர்ணயிப்பார்கள். வாரத்துக்கு 1.5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. எடைப் பிரிவுகளே மாநிலத்துக்கு மாநிலம் ஒன்றில்லை. 2023-24 சீசனிலிருந்து 12, 13, 14 என்ற மூன்று பட்டியலில் ஒன்றை மாநிலமே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

இதோடு ஒட்டிய ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல சீடைக் காப்பாற்ற, பலமான எதிராளி வரும் நாளில் பையனை ஒரு எடை மேலே ஏற்றிவிட்டோ "தோள் வலி" என்று உட்கார வைத்தோ ஒதுங்கிவிடுவார்கள். இங்கே அதற்கு டக்கிங் என்று பெயர். விதிப்படி குற்றமில்லை. ஆனால் மோதாத ஆட்டத்திலிருந்து பையன் எதுவும் கற்றுக்கொள்வதும் இல்லை, மற்ற கோச்சுகள் இதை மறப்பதும் இல்லை. ஓட்டெடுப்பு வந்தால் அந்தக் கை உங்களுக்குத் தூக்கப்படாது.

எல்லாம் கம்ப்யூட்டர்தானே போடுகிறது?

ட்ராக்ரெஸ்லிங் மாதிரித் தளங்களில் ஆட்ட முடிவுகள் ஏறுகின்றன, விதியைக் கொடுத்தால் அது வரிசைப்படுத்தியும் தரும். கூட்ட நேரம் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் உள்ளே போவதுதானே வெளியே வரும்? எங்கள் பையனின் தலைகீழ் வெற்றியும் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

கல்லூரியில் சூத்திரம் இன்னும் துல்லியம். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் டிவிஷனில் எடைக்கு 33 பேர், 2019 முதல் 33 பேருக்கும் சீடு. நேருக்கு நேருக்கு 25 சதவீதம், தரமான வெற்றிகளுக்கு 20, கோச்சுகளின் தரவரிசைக்கு 15, பொது எதிராளி, வெற்றி விகிதம், கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் குழு) போட்டியில் வாங்கிய இடம், எதிராளிகளின் பலத்தை அளக்கும் ஆர்.பி.ஐ. ஆகியவற்றுக்குத் தலா 10. அங்கேயும் சண்டை நின்றபாடில்லை.

பெண் பிள்ளைகளுக்கு?

விதி ஒன்றுதான், காகிதம்தான் குறைவு. பெண்களுக்கு முதலில் தனி மாநிலப் போட்டி வைத்தது ஹவாய், 1998ல். நியூஜெர்சியில் 2019ல்தான் வந்தது. பல பள்ளிகளில் இன்னும் இரண்டு மூன்று பெண்கள்தான், வாரநாள் ஆட்டங்களில் பையன்களோடு மோதுகிறார்கள். அந்த ஆட்டங்களைப் பெண்கள் போட்டியின் சீடிங்கில் எண்ணுவார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். கட்டாயம் கோச்சிடம் கேளுங்கள். பையன்களிடம் வாங்கிய ஆறு தோல்வி அவள் பெயரில் நின்று, அவளைக் கீழே இழுத்துவிடலாம்.

சீடு தப்பாகிவிட்டது. எல்லாம் போச்சா?

போகவில்லை. ஹைஸ்கூல் டோர்னமென்ட்டுகளில் பெரும்பாலும் இரண்டு தோல்விக்குத்தான் வெளியே. ஒருமுறை தோற்றவன் கீழ் பிராக்கெட்டுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொருவராக ஜெயித்து மூன்றாம் இடம் வரை வரலாம். காலிறுதியில் தோற்றவர்களைப் பொதுவாக எதிர்ப் பாதிக்கு மாற்றி அனுப்புவார்கள், அடித்தவனிடமே உடனே மறுபடி மாட்டாமல் இருக்க. ஜெயித்தால் பதக்கமோ அடுத்த கட்டத் தகுதியோ, தோற்றால் வீடு என்ற சுற்றுக்கு பிளட் ரவுண்டு என்று பெயர். இறுதிப் போட்டியைவிட அதிக அழுகையும் அலறலும் இங்கேதான். ஆறாம் சீடான எங்கள் பையன் காலிறுதியில் மூன்றாம் சீடிடம் தோற்று, கீழே மூன்று ஆட்டம் ஜெயித்து, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அதே பையனை மறுபடி சந்தித்து 5-3 ஜெயித்தான். காகிதம் சொன்னதற்கு அவன் பதில் அது.

சில தகுதிப் போட்டிகளில் ட்ரூ செகண்ட் என்றும் ஒன்று உண்டு. இறுதியில் தோற்றவனும் மூன்றாம் இடம் பெற்றவனும் அந்தப் போட்டியில் மோதியிருக்காவிட்டால், இரண்டாம் இடத்துக்காக இன்னொரு ஆட்டம். இரண்டு பலசாலிகளை ஒரே பாதியில் போட்ட தப்பைத் திருத்தும் வழி இது.

ஒலிம்பிக்ஸிலும் இப்படியா?

சீடு உண்டு, ஆனால் கீழ் பிராக்கெட் வேறு மாதிரி. பாரிஸ், 2024 ஆகஸ்ட் 6. 50 கிலோவில் சீடு இல்லாத வினேஷ் போகத்துக்கு முதல் ஆட்டமே ஜப்பானின் யுய் சுசாகியோடு. அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோற்றதே இல்லாத டோக்கியோ சாம்பியன். கடைசி விநாடிகளில் புரட்டி 3-2. மறுநாள் காலை 100 கிராமில் நடந்தது எல்லோருக்கும் தெரியும், அதைக் கிளறவில்லை. சீடிங் கோணத்தில் பார்த்தால், அந்த ஆட்டம் இறுதியில் நடந்திருக்க வேண்டியது. சுசாகி ரெபெஷாஜ் என்ற மறுவாய்ப்புச் சுற்று வழியாக வந்து வெண்கலம் வாங்கினார். அங்கே அந்த வாய்ப்பு, உங்களைத் தோற்கடித்தவர் இறுதிக்குப் போனால்தான் கிடைக்கும். நம் பிள்ளைகளுக்கு அந்த நிபந்தனை இல்லை.

சீடிங்குக்கு முன் நான் செய்யக்கூடியது ஏதாவது?

ஞாயிறு இரவு பத்து நிமிடம். நேற்றைய ஆட்டங்கள் தளத்தில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்: எதிராளி பெயர், எடை, ஸ்கோர், யார் ஜெயித்தது. தப்பு இருந்தால் அன்றே கோச்சுக்கு ஒரு வரி அனுப்புங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். சீடிங் வாரம் வந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, "உங்கள் வசதிக்காக" என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

முதல் சீடு கிடைத்திருக்கிறது. வீட்டில் மைசூர்பாகு செய்யலாமா?

செய்யுங்கள். சனிக்கிழமை காலை எடை பார்த்து முடிக்கும் வரை டப்பாவைக் காரிலேயே வையுங்கள்.